குடவோலையும் சுழற்கதவும்

2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குமாரபாளையத்துத் தறித்தெருக்களில் ஒரு புதுக் காட்சியைக் கண்டோம். கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் முகாம்களுக்குச் சென்று நிழற்படம் எடுத்து, கைரேகை வைத்துத் திரும்பின. அவர்கட்கு அட்டை ஒன்று வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் தொடங்கப்பட்ட 'உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்ட'த்தின் அட்டை அது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களும் நலவாரிய உறுப்பினர்களின் குடும்பங்களுமாக ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் சேர்ந்தன. நான்காண்டுக் காலத்துக்குக் குடும்பமொன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அறுவை சிகிச்சைக்குக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. விசைத்தறிப் பட்டறையில் பாவு ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அன்று ஒரு லட்சம் என்பது கண்ணால் காணாத தொகை. அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த வீடுகள் உண்டு.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இதய நோய்க்காகக் காவிரிக்கு அக்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பார்க்கச் சென்றோம். "கார்டு இருக்குதுங்க சார், ஆப்பரேசன் கார்டுலயே ஆயிருச்சுங்க. அதுக்கு முன்னால எடுத்த டெஸ்ட்டு, மருந்து, அதெல்லாம் கார்டுல வராதுன்னுட்டாங்க. பட்டறைல முன்பணம் வாங்கித்தானுங்க கட்டினேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். உயிர் பிழைத்த நன்றியே அவர் குரலில் மிகுந்திருந்தது. எது அட்டையில் வரும், எது வராது என்று வகுத்தவர் யார் என்னும் கேள்வி அவருக்கு எழவில்லை, நமக்கு எழுந்தது. வகுத்தவர் எந்த நாற்காலியிலிருந்து எழுந்துவந்து அதனை வகுத்தார், வகுத்து முடித்தபின் எந்த நாற்காலிக்குத் திரும்பினார் என்பது அதனைத் தொடர்ந்து வந்த கேள்வி. இக்கட்டுரை அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

பெரிய விடுதிகளின் வாயிலில் சுழற்கதவு உண்டு. உள்ளே நுழைபவரும் வெளியேறுபவரும் ஒரே நேரத்தில் அதனைத் தள்ளிக்கொண்டு செல்வர். கதவு திறந்ததா மூடியதா என்று சொல்லவியலாது. தொழில்துறையிலிருந்து அரசின் ஆலோசனைக் குழுவுக்கும், அரசுப் பதவியிலிருந்து தொழில்துறைக்கும் ஆட்கள் மாறி மாறிச் செல்லும் வழக்கத்துக்கு மேலைநாட்டார் இக்கதவின் பெயரையே வைத்திருக்கின்றனர். அமெரிக்காவில் பில்லி டாசின் என்பார் நாடாளுமன்றக் குழுத் தலைவராக இருந்து, முதியோர் மருத்துவக் காப்பீட்டில் மருந்துகளைச் சேர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை நடத்திக்கொடுத்தார். மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேசலாகாது என்னும் விதி அச்சட்டத்தில் இருந்தது. 2005 தொடக்கத்தில் அவர் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவராகிவிட்டார். அந்த விதியைத் தளர்த்திச் சில மருந்துகளுக்கேனும் அரசு விலை பேசலாம் என்றாக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2003 வரை நலவாழ்வுத்துறை அமைச்சராக இருந்த ஆலன் மில்பர்ன், பின்னர்த் தனியார் மருத்துவத்தில் பணம் முதலீடு செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகரானார். இவை அங்கே பதிவேட்டில் ஏறிய செய்திகள். அரசிடம் பரிந்துபேசுவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென அமெரிக்காவில் 1995இலேயே விரிவான சட்டம் உண்டு. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை; எனவே நம்மூர்க் கதவைப் பற்றி எழுதப் புகுபவர் அங்குமிங்கும் கிடைக்கும் துண்டுகளைக் கோத்தே எழுத வேண்டியிருக்கிறது.

தமிழர்க்கு இக்கதவு தெரியாத ஒன்றன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவற்றின் சிறப்பு குடத்தில் ஓலை இட்டதைவிட, யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று வகுத்ததில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அண்மை மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் நிற்கலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்கலாகாது. அவர் மட்டுமன்றி, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், மாமன் மக்கள் என்று நீளும் உறவினரும் நிற்கலாகாது. இன்று 'இடைவெளிக் காலம்' என்று பேசப்படுவதை ஒரு பிரமதேயச் சபை கல்லிலேயே வெட்டி வைத்திருந்தது. அச்சபை அந்தணர் சபை என்பதும், உழுதவர்க்கு அதில் இடமில்லை என்பதும் உண்மையே. ஆனால் பதவியும் ஆதாயமும் உறவின் வழியே கைமாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதே சோழர் காலத்தில், திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வார், பணிப்பெண்டிர் ஆகியோர்க்கான ஊதியமும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. கொடுப்பவர், பெறுபவர், அளவு ஆகிய மூன்றும் கோயிற்சுவரில் எவரும் படிக்கத்தக்க வகையில் இருந்தன. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளையே சொன்னார். கட்டணத் தொகுப்பை முடிவுசெய்யும் குழு அவர் காலத்தில் இல்லை போலும்.

இனிச் சென்னை மாகாணத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த அதிகாரிகள் அரசு ஊதியம் பெற்றுக்கொண்டே தனியாகவும் மருத்துவம் பார்த்தனர். நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, ஊதியம் பெறாத கௌரவ மருத்துவர்களை அரசு மருத்துவமனைகளில் அமர்த்தும் வழக்கம் வளர்க்கப்பட்டது. வெள்ளையர் பிடியிலிருந்த பதவிகளை இந்தியர்க்குத் திறந்துவிட்ட நற்பணி அது என்பதில் ஐயமில்லை. அதே 1920களின் நடுவில், சிற்றூரில் குடியேறி மருத்துவம் பார்க்க ஒப்பும் தனி மருத்துவர்க்கு ஆண்டுதோறும் மானியம் தருவது, அவர் ஏழைகளை இலவசமாகப் பார்ப்பது என்ற திட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தது. அரசு பணம் கொடுக்கும், தனியார் மருத்துவம் தருவர் என்னும் ஒப்பந்தத்தின் வேர், காப்பீட்டு அட்டைக்கு எண்பது ஆண்டுகள் முன்னரே நம் மண்ணில் இருக்கிறது.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தார்: ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார். மகப்பேற்று மருத்துவத்தில் புகழ்பெற்றவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், கால்நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அவ்வறிக்கையின் உயிர்நாடி. முழுநேர அரசு மருத்துவர் தனியாக மருத்துவம் பார்ப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வரவில்லை. பணிநேரம் போக எஞ்சிய நேரத்தில் தனியாகப் பார்க்கலாம் என்பதே இங்கு வழக்கம். காலையில் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று காண முடியாதவரை மாலையில் அவருடைய சொந்த மருத்துவகத்தில் கட்டணம் செலுத்திக் காண்பது எந்தச் சிற்றூர்க்காரர்க்கும் புதிதன்று. சுழற்கதவு முதலில் தனிமனிதர் ஒருவரின் நாளுக்குள்ளேயே சுழலத் தொடங்கியது எனலாம். அந்த மருத்துவர்களை நாம் பழிப்பதற்கில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறந்தவர்களும் அவர்களே.

1983இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனை திறக்கப்பட்டது. குடியரசுத்தலைவர் ஜெயில் சிங் திறந்துவைத்தார். மருத்துவத்தைப் பங்குச்சந்தையில் நிறுவனமாக நடத்தலாம் என்னும் எண்ணமே அன்று புதிது. அடுத்து வந்த ஆண்டுகளில் இத்துறையின் வேண்டுகோள்களில் முதன்மையானது வெளிநாட்டுக் கருவிகளுக்குச் சுங்கவரி விலக்கு. 1988 மார்ச்சில் மத்திய அரசு அதனை அளித்தது. புறநோயாளிகளில் நூற்றுக்கு 40 பேர்க்கு இலவசம், படுக்கைகளில் நூற்றுக்குப் பத்து, மாத வருமானம் 500 ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தார்க்கு ஒதுக்கீடு ஆகியன நிபந்தனைகள். கருவிகள் வந்தன, ஏழை நோயாளிகள் எத்தனைபேர் உள்ளே சென்றனர் என்பதைக் கண்காணிக்க உருப்படியான ஏற்பாடு வரவில்லை. 1994இல் விலக்கே திரும்பப் பெறப்பட்டது. 1996இல் மெடிவெல் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்நிபந்தனை ஒருநாளைக்கு மட்டும் உரியதன்று, தொடர்ந்து நிறைவேற்ற வேண்டிய கடமை என்று உரைக்க வேண்டியிருந்தது. சலுகைக்குப் பின்னே ஒருங்கு திரண்ட குரல் இருந்தது. நிபந்தனையின் பின்னே நின்றவர் மாதம் 500 ரூபாய் வருமானக்காரர்; அவர் டெல்லிக்கு எவரை அனுப்புவார்?

இந்த வரலாற்றில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம் இந்திய மருத்துவக் கவுன்சில். 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறந்து, 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி வளர்ந்த அமைப்பு. மருத்துவர்களைப் பதிவுசெய்வது, கல்வித்தரம் காப்பது ஆகியன அதன் தொடக்கப் பணிகள். பல்லாண்டுகள் அதனை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1980களில் தன்நிதி மருத்துவக் கல்லூரிகள் தலையெடுத்தன. தமிழ்நாட்டில் 1985இல் மட்டும் போரூரிலும் கோவையிலுமாக இரண்டு. 1993இல் சட்டம் திருத்தப்பட்டு, புதிய கல்லூரிக்கும் கூடுதல் இடங்களுக்கும் மத்திய அரசின் இசைவு வேண்டும், அதற்குக் கவுன்சிலின் பரிந்துரை வேண்டும் என்றாயிற்று. ஆய்வுக்கு வரும் பேராசிரியர் ஒருவரின் ஒரு நாள் வருகை, நூறு இடங்களின் தலைவிதியை முடிவு செய்வதாயிற்று. கவுன்சில் உறுப்பினர் பதவி அன்றுமுதல்தான் விலையுயர்ந்தது.

குஜராத்தைச் சேர்ந்த சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் கேதன் தேசாய் 1996இல் அதன் தலைவரானார். இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் தலைமை தாங்கியவர் அவர். மருத்துவர்களின் நலனுக்காகப் பரிந்துபேசும் சங்கம் ஒன்று; அம்மருத்துவர்களை நெறிப்படுத்தும் சட்டமுறை அமைப்பு மற்றொன்று. இரண்டுக்கும் ஒருவரே தலைமை ஏற்கலாம் என்பது அன்று யாருக்கும் பெரிய உறுத்தலாகத் தோன்றவில்லை. 2001 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்க ஆணையிட்டு, நிர்வாகி ஒருவரை அமர்த்தியது. ஆயின் 2009இல் அவர் மீண்டும் தலைவரானார். 2010 ஏப்ரல் 22ஆம் நாள், பஞ்சாபில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு இசைவு தருவதற்கு 2 கோடி ரூபாய் கையூட்டு என்னும் குற்றச்சாட்டில் சி.பி.ஐ. அவரைக் கைதுசெய்தது, குற்றச்சாட்டை அவர் மறுத்தார். மே மாதம் அவசரச் சட்டத்தால் கவுன்சிலே கலைக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு, 2016 அக்டோபரில் அவர் உலக மருத்துவச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். மருத்துவ அறத்துக்கு உலகளவில் விதி எழுதும் அமைப்பு அது. புனைகதையில் இப்படி எழுதினால் நம்பகத்தன்மை இல்லை என்று நாமே திருத்தியிருப்போம்.

எனினும் தேசாய் என்னும் ஒருவரைப் பற்றிய கதையாக இதனைச் சுருக்கிவிடுவது பிழை. கலைக்கப்பட்ட கவுன்சிலின் இடத்தில் எஸ்.கே. சரின் தலைமையில் அமர்த்தப்பட்ட ஆளுநர் குழுவில் பெங்களூரின் நாராயண இருதயாலயா மருத்துவமனையை நிறுவிய தேவி ஷெட்டியும் ஒருவர். அவருடைய திறமையும் ஏழைகள்பால் அவர் காட்டிய கருணையும் நாடறிந்தவை. அவர்மேல் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தனியார் மருத்துவத்தின் பிடியிலிருந்து ஒழுங்குமுறையை மீட்கவேண்டிய நேரத்தில் அரசு தேடியெடுத்த ஆறு பேரில் தனியார் மருத்துவமனைச் சங்கிலியின் தலைவர் ஒருவர் இருந்தார் என்பது, தேர்ந்தவர்களின் கண் எங்கே பழகியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இதனை நாம் ஊகமாகச் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 92ஆம் அறிக்கையில், கவுன்சில் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெருநிறுவன மருத்துவமனைகளையோ தனி மருத்துவத்தையோ சேர்ந்தவர்கள் எனக் கணக்கிட்டது. மத்திய அரசும் மாநில அரசுகளும் தம் பேராளராக நியமித்தவர்களிலேயே பெருநிறுவன மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்கள் இருப்பதைக் கண்டு வியப்பும் தெரிவித்தது. அரசின் நாற்காலியில் அமர அரசு அனுப்பிய ஆளே தனியார் மருத்துவமனையின் ஆள். இந்நிலையில் கதவு சுழலவும் தேவையில்லை.

2018இல் கவுன்சில் மீண்டும் கலைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. இச்சட்டம் உத்தரமேரூரை நினைவூட்டும் விதியொன்றைக் கொண்டிருக்கிறது: தலைவரும் உறுப்பினரும் பதவி விலகிய இரண்டாண்டுகளுக்கு, தாம் கையாண்ட விவகாரத்துக்குரிய தனியார் மருத்துவ நிறுவனத்தில் எவ்வகை வேலையும் ஏற்கலாகாது. படித்தபோது மகிழ்ந்தோம். அடுத்த வரிகளில் ஒரு விலக்கு: மத்திய அரசு இசைவளித்தால் ஏற்கலாம். உத்தரமேரூர்ச் சபையார் இப்படி ஒரு வரியைக் கல்லில் வெட்டியிருப்பார்களா என்று எண்ணிப் பார்த்தோம். 2025இல் மருத்துவக் கல்லூரி ஆய்வுகள் தொடர்பாகச் சி.பி.ஐ. மீண்டும் பெரியதோர் வழக்கைப் பதிவுசெய்தது. அமைச்சக அலுவலர், ஆய்வாளர், கல்லூரித் தரப்பினர் என முப்பதுக்கும் மேற்பட்டோர் அதில் பெயர் குறிக்கப்பட்டனர். அவ்வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும்.

காப்பீட்டின் கதை இதனினும் நுட்பமானது; ஏனெனில் இதில் கையூட்டு என்ற சொல்லுக்கே இடமில்லை. 2003இல் கர்நாடகத்தில் 'யசஸ்வினி' தொடங்கிற்று. கூட்டுறவுச் சங்க உழவர் மாதம் ஐந்து ரூபாய் செலுத்தினால் அறுவை சிகிச்சை இலவசம். அத்திட்டத்துக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் மேலே கூறிய தேவி ஷெட்டியே. அவருடைய மருத்துவமனையும் அத்திட்டத்தின் நோயாளிகளைப் பெற்ற மருத்துவமனைகளில் ஒன்று. எத்தனையோ உழவர் அதனால் உயிர் பிழைத்தனர். 2007இல் ஆந்திரத்தில் இராஜீவ் ஆரோக்கியஸ்ரீ வந்தது. முதலமைச்சர் இராஜசேகர ரெட்டி தாமே மருத்துவம் படித்தவர். அத்திட்டத்தின் காப்பீட்டு ஒப்பந்தம் சென்னையைச் சேர்ந்த ஸ்டார் ஹெல்த் நிறுவனத்துக்குக் கிட்டியது. 2009இல் கலைஞர் திட்டமும் அந்நிறுவனத்துக்கே. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் இந்திய நிறுவனமாக 2006இல் தொழில் தொடங்கிய அதனை நிறுவிய வெ. ஜெகந்நாதன், அதற்குமுன் சென்னையிலேயே தலைமையகம் கொண்ட அரசு நிறுவனமாகிய யுனைடெட் இந்தியா இன்சூரன்சின் தலைவராக இருந்தவர்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அரசுத் துறையில் தொழில் கற்றவர் தனியே தொழில் தொடங்குவதை எவரும் தடுக்கவியலாது. அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்குக்கூட ஓய்வுக்குப்பின் ஓராண்டுக்குள் வணிகப் பணியேற்பதற்குத்தான் முன்னிசைவு வேண்டும், அதன்பின் தடையில்லை. 2012 ஜனவரியில் ஆட்சி மாறிப் 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' வந்தபோது ஒப்பந்தம் யுனைடெட் இந்தியாவுக்குச் சென்றது. அட்டையில் படம் மாறியது. இருக்கைகள் மாறினவே தவிர, அறை அதுவே.

அந்த அறையின் ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். எந்தெந்த அறுவைக்கு எவ்வளவு என்று தொகுப்புக் கட்டணம் வகுக்கப்படுகிறது. எந்த மருத்துவமனை பட்டியலில் சேரும் என்று முடிவாகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னிசைவு கோரி மருத்துவமனை விண்ணப்பிக்க, காப்பீட்டுத் தரப்பின் மருத்துவர் இசைவு தருகிறார். கட்டணம் குறைவென்று கருதும் மருத்துவமனை அந்த நோயையே ஏற்பதில்லை; அல்லது, நம் மாணவரின் தந்தையார்க்கு நேர்ந்ததுபோல், தொகுப்புக்கு வெளியே பட்டியல் இடுகிறது. காய்ச்சலும் சர்க்கரை நோயும் தறியின் நூற்பஞ்சு நுரையீரலில் படிவதால் வரும் இருமலும் இத்தகைய தொகுப்புகளில் அடங்குவதில்லை. மருத்துவமனையில் படுக்காத நோய்க்குப் பரிந்துபேச யாருமில்லை. 2011இல் சீனாத் ரெட்டி தலைமையிலான திட்டக்குழு வல்லுநர் குழு, வரிப்பணத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகச் செலவிட வேண்டா, அரசே நேரடியாக வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டோடு நின்றது. 2018இல் நாடு முழுமைக்கும் வந்தது மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீட்டு அட்டையே. தமிழ்நாட்டுத் திட்டம் அதனோடு இணைந்து ஐந்து லட்ச ரூபாய்த் திட்டமாயிற்று. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: 2012க்குப் பின் நம் மாநில அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகையில் கணிசமான பங்கைப் பெற்று, அதனைக்கொண்டு கருவிகள் வாங்கின. வேறு பல மாநிலங்களில் இது நடக்கவில்லை.

தாமதம்கூட ஒருவகைப் பரிந்துரையே. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு சட்டமன்றம் 1997இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இதில் முன்சென்ற மாநிலங்களுள் நமதும் ஒன்று என்று பெருமைப்படலாம். ஆயின் அச்சட்டத்துக்கான விதிகள் 2018இல்தான் வெளிவந்தன. இருபத்தோர் ஆண்டுகள்! ஆட்சிகள் மாறின; கோப்பு மாறவில்லை. இதனை எவர் தடுத்தார் என்று காட்ட ஆவணம் கிடைக்காது. தடுப்பதற்கென்று எவரும் எழுத்தில் கேட்க வேண்டியதில்லை. கலந்தாலோசனைக் கூட்டத்துக்கு அழைக்கப்படும் ஒருவர், இன்னும் கொஞ்சம் ஆராயலாம் என்று சொன்னால் போதும். கர்நாடகத்தில் 2017 நவம்பரில் இது வெளிப்படையாகவே நடந்தது. கட்டணக் கட்டுப்பாடும் குறைதீர் அமைப்பும் கொண்ட திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கடுமையான கூறுகள் நீர்த்தபின்னரே சட்டம் நிறைவேறியது. குறைந்தபட்சம் அங்கே தெருவில் நடந்ததால் நாம் காண முடிந்தது.

இறுதியாக, நம் ஊர்ப்புறத்துக்கே உரிய ஒன்று. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறித் தொழிலாளர் சிறுநீரகம் விற்கும் செய்தி இருபதாண்டுகளுக்கும் மேலாக விட்டுவிட்டு வெளிவருகிறது. முன்பணமும் வட்டியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போது தரகர் வருகிறார். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்கிறது. நெருங்கிய உறவினரல்லாதவர் அன்பின் காரணமாகவோ பற்றின் காரணமாகவோ கொடுக்கலாம், அதற்கு அங்கீகாரக் குழுவின் இசைவு வேண்டும் என்கிறது. தறிக்காரர் ஒருவர்க்கும் முன்பின் அறியாத செல்வர் ஒருவர்க்கும் இடையே திடீரென்று அன்பு பிறப்பதைக் குழு சான்றளிக்க வேண்டும்.

அக்குழுவில் யார்? 2014ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டினோம். ஆண்டுக்கு 25க்கு மேற்பட்ட மாற்று அறுவைகள் நடைபெறும் மருத்துவமனை தனக்கெனக் குழு வைத்துக்கொள்ள அவ்விதிகளில் வழி உண்டு. அதன் தலைவர் அம்மருத்துவமனையின் தலைவரே. அறுவைக் குழுவில் இல்லாத, ஆனால் அதே மருத்துவமனையைச் சேர்ந்த மூத்த மருத்துவர் இருவர் உறுப்பினர். உயர்நீதித்துறை, காவல்துறை போன்ற உயர் அரசுப் பணிகளில் இருந்தவர் முதலாக நற்பெயர் கொண்டோர் இருவர். மாநில அரசின் சார்பில் இருவர். அறுவையால் வருவாய் பெறும் நிறுவனத்தின் தலைவர் மேசையின் தலைப்பில் அமர்ந்திருக்க, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி பக்கத்தில் அமர்ந்திருக்க, வேட்டியும் கைநிறையச் சான்றிதழ்களுமாக நிற்பவரிடம் "இவர்மேல் உமக்கு அன்பு உண்டா?" என்று கேட்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். எல்லா மாநிலத்திலும் எல்லா இசைவும் இவ்வழியே வழங்கப்படுவதில்லை. அரசு அளவிலான குழுக்களும் உள்ளன. ஆனால் விதி எழுதியவர்களுக்கு இவ்வமைப்பில் எதுவும் உறுத்தவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்துச் சிறுநீரக விற்பனை மீண்டும் வெளிவந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. திருச்சி, பெரம்பலூர்ப் பகுதிகளின் தனியார் மருத்துவமனைகள் இரண்டின் சிறுநீரக மாற்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு ஆணையிட்டது. அந்த வாரங்களில் நம் வகுப்பில் உத்தரமேரூர்க் கல்வெட்டுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கணக்குக் காட்டாதவரின் உறவினர் பட்டியலை வாசித்து முடித்தபோது, பள்ளிபாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, கணக்குக் காட்டலைன்னு யாருங்க ஐயா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார். கல்வெட்டில் அதற்கு விடை தேடி அன்று மாலை நூலகத்தில் அமர்ந்திருந்தோம்.